முன் நிற்கும் ஐவர்

பிறரை மதிப்பிடுவது எளிது. நேர்மையாக மதிப்பிடுவது அரிது. அவ்வரிய செயலுக்கு நல்லதொரு பயிற்சிக்களம் அமெரிக்கக் கால்பந்து. பெயர் கால்பந்தேயாயினும் இவ்வாட்டத்தில் காலைக் காட்டிலும் கைக்கே வேலை மிகுதி. நம் குடும்பத்து இளைஞருள் சிலர் இதனை விரும்பிப் பார்ப்பதால், இத்திங்கள் இப்பகுதியில் இதனைப் பற்றிச் சில கூற விழைகிறோம்.

பக்கத்துக்குப் பதினொருவர் ஆடுவர். பந்தைக் கையில் பெற்று, அதனை எவரிடம் எறிவது என ஒரு நொடியில் முடிவு செய்பவர் குவார்ட்டர்பேக். வெற்றி வந்தால் மாலை அவர் கழுத்துக்கு. தோல்வி வந்தால் வசையும் அவருக்கே. அவருக்கு முன்னே ஐவர் நிற்பர். நடுவே சென்ட்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள் இருவர், அவர்களுக்கு அப்பால் டாக்கிள்கள் இருவர். பந்தை எறியும் ஆட்டத்தில் இவ்வைவரின் கடமை எதிரணியார் உட்புகாதவாறு மதிலாக நிற்பதே. வலக்கையால் எறிபவரின் முதுகு இடப்பக்கம் நோக்கியிருக்கும். ஆதலின் இடப்பக்க டாக்கிளே அவர் காணாத திசைக்குக் காவலர். மதில் நின்றால் எறிபவருக்கு ஏறத்தாழ மூன்று வினாடி கிடைக்கும். இடிந்தால் அதுவும் இல்லை.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 1973 முதல் அந்நாட்டுத் தேசியக் கால்பந்து லீக் கையாளும் மதிப்பெண் முறை நான்கு செய்திகளை மட்டுமே எண்ணுகிறது: எறிந்தவற்றுள் தம்மவர் கைசேர்ந்தவை, ஓர் எறிவுக்குக் கிட்டிய கெஜம், டச்டவுன், எதிரணியார் பறித்தவை. முன்வரிசை நின்றதா, சரிந்ததா என்பதற்கு அதில் இடமில்லை. எறியுமுன்பே குவார்ட்டர்பேக்கைப் பிடித்து வீழ்த்துவதைச் 'சேக்' என்பர். அதுவும் இக்கணக்கில் சேராது.

டேவிட் கார் என்பாரின் வரலாறு இங்கே நினைக்கத்தக்கது. 2002-இல் புதிதாகத் தோன்றிய ஹூஸ்டன் டெக்சன்ஸ் அணி, கல்லூரி வீரர் தேர்வில் முதல்வராக அவரை எடுத்தது. அவருக்குக் காவலாகப் பிற அணியினின்று பெற்ற டாக்கிள் டோனி பொசெல்லி, புகழ் வாய்ந்தவர்; ஆயினும் தோள் காயத்தால் அவ்வணிக்காக ஓர் ஆட்டமும் ஆடாமலே ஓய்வு பெற்றார். அவ்வோர் ஆண்டில், பதினாறு ஆட்டங்களில், கார் வீழ்த்தப்பட்டது 76 முறை. அது லீக் வரலாற்றில் ஒரு பருவத்துக்கான உச்ச எண்ணிக்கை. 2005-இலும் 68 முறை வீழ்ந்தார். 2006-க்குப் பின் அவ்வணி அவரை விலக்கிவிட்டது. நல்ல மதிலுக்குப் பின்னே அவர் எவ்வாறு ஆடியிருப்பார் என்ற வினாவுக்கு இன்று எவரும் விடை கூற இயலாது. ஓர் இளைஞரின் வாழ்க்கைத் தொழிலே இவ்வினாவில் அடங்கிக் கிடக்கிறது.

சேக்கை எண்ணினால் மட்டும் போதுமா? போதாது. 2021 பிப்ரவரி 7-ஆம் நாள் நிகழ்ந்த சூப்பர் பவுல் ஆட்டத்தில் கன்சாஸ் சிட்டி அணியின் பேட்ரிக் மஹோம்ஸ் ஒரு டச்டவுன் எறிவும் இன்றி 31–9 எனத் தோற்றார். அவருடைய டாக்கிள்கள் இருவரும் காயத்தால் களமிறங்கவில்லை. அவர் வீழ்த்தப்பட்டது மூன்று முறைதான். ஆனால் எதிரணியார் நெருங்கி விரட்டியதோ 29 முறை எனக் கணக்கிட்டனர். அதன்பின் அவ்வணி தன் முன்வரிசையைப் பெரும்பாலும் புதுக்கியது. 2023 பிப்ரவரியில் அதே மஹோம்ஸ், அப்பருவத்தில் 70 சேக் எடுத்திருந்த பிலடெல்பியா அணியை எதிர்த்து, ஒரு முறையும் வீழாமல் 38–35 என வென்றார். எறிந்த கை ஒன்றே. முன்னின்ற மதில் வேறு.

இதனால் பழி முழுவதும் ஐவரையே சாரும் என்பது நம் கருத்தன்று. பந்தை நெடுநேரம் கையில் வைத்திருப்பவர் தம் வீழ்ச்சியைத் தாமே தேடிக்கொள்கிறார். மின்னலென எறியும் டான் மரீனோ 1988-இல் 606 முறை எறிந்தும் ஆறு முறையே வீழ்ந்தார். மதில் எறிபவரைக் காப்பது போல, விரைந்து எறிபவர் மதிலையும் காக்கிறார். காரும் பந்தை வேண்டிய அளவுக்கு மேல் வைத்திருந்தார் எனக் கூறியவர் உண்டு. இருபுறத்தையும் நிறுத்துப் பார்ப்பதே நடுவுநிலை.

ஆகவே இவ்வாட்டத்தைக் காணும் இளைஞர்க்கு ஒன்று கூறுவோம். ஆட்டம் தொடங்கிய முதல் இரண்டு வினாடி பந்தைப் பாராதீர். முன்னிற்கும் ஐவரைப் பாருங்கள். அவர்கள் நிலைத்து நின்றும் பந்து பிழைத்தால் எறிந்தவரைக் குறை கூறலாம். அவர்கள் சரிந்தபின் எறிந்த பந்து இலக்குச் சேர்ந்தால், கணக்கு அதனைத் தனியே குறிக்காவிடினும், நீங்கள் இரு மடங்கு பாராட்டலாம்.