யாரிடம் எதைக் கேட்பது?

மெல்பேண் நகரின் கிழக்கே, டன்டினோங் மலையடிவாரத்தில் உள்ள த பேசினில் வக்ரதுண்ட விநாயகரை வணங்கி வெளியே வரும் எம்மவர், ஒருவரையொருவர் சுகம் விசாரித்தபின் அடுத்துக் கேட்பது வேலையைப் பற்றியே. ஊரில் தாதியாகவும் ஆசிரியராகவும் மின்வினைஞராகவும் இருந்தோர் பலர், இங்கே தொழிற்சாலையிலும் துப்புரவுப் பணியிலும் காலங்கழிக்கின்றனர். கற்ற தொழிலுக்குத் திரும்ப யார் சொற்கேட்டு நடப்பது என்பதே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட வினா.

முதலாவது, நமக்கு முன்னர் வந்த உறவினரின் அறிவுரை. அது அன்பினால் வருவது. நேர்முகத் தேர்வில் எவ்வாறு பேசுவது, மேலாளரிடம் விடுப்பு எவ்வாறு கேட்பது என்பவற்றை அவர்களே நன்கறிவர். ஆயினும் விதிகள் மாறுவன. 1990களில் வந்த மருத்துவர் மாநிலச் சபையிற் பதிவு செய்தார். 2010 முதல் அப்பதிவு நாடளாவியதாயிற்று. வெளிநாட்டிற் பயின்ற தாதியர் பலருக்கு 2020 முதல் எழுத்துத் தேர்வும் செயன்முறைத் தேர்வும் உண்டு. அண்ணன் கூறுவது அவர் காலத்து உண்மை. இன்றைய விதி வேறாயிருக்கலாம்.

இரண்டாவது, அதிகாரமுடைய சபை. மருத்துவருக்கும் தாதியருக்கும் ஆப்ரா, விக்ரோறிய மாநில ஆசிரியருக்கு ஆசிரியர் பதிவு நிறுவகம், மின்வினைஞருக்கு எனர்ஜி சேஃப் விக்ரோறியா. எந்தத் தகைமை செல்லும், எது போதாது என்று முடிவாகச் சொல்லத்தக்கவர் இவர்களே. கட்டணம் பெறும் முகவர் படிவம் நிரப்ப உதவலாம். பதிவைப் பெற்றுத்தருவேன் என்று அவர் வாக்களித்தால் நாம் ஐயுறவேண்டும். விசா பற்றி ஆலோசனை கூறுபவர் பதிவுபெற்ற குடிவரவு முகவராகவோ சட்டத்தரணியாகவோ இருத்தல் அவசியம்.

மூன்றாவது, நாம் வேலை செய்வதை நேரிற் கண்டவர். இந்நாட்டில் வேலை கொடுப்போர் பெரும்பாலும் நம்மைப் பற்றிச் சான்று கூற இருவரைக் கேட்பர். ஆலய நண்பரின் நற்சொல் அங்கு அதிகம் எடுபடாது. முதியோர் இல்லத்தில் உதவியாளராக நின்றாலும், அங்குள்ள மேற்பார்வையாளர் நம் நேரந்தவறாமையையும் கைத்திறனையும் கண்டவர். அவரிடம் குறைநிறை கேட்டறிந்து நன்மதிப்பைப் பெறுவது, மறுபடி தொழிலுக்குட் புகும் வழி.

ஆகவே பாடநெறிக்குப் பணம் கட்டுமுன் சபையைக் கேளுங்கள். விண்ணப்பிக்குமுன் அண்மையில் அவ்வழியே சென்றவரைக் கேளுங்கள். தினமும் மேற்பார்வையாளரைக் கேளுங்கள். ஆங்கிலம் தடையெனில் 131 450 என்ற இலக்கத்தில் தமிழ் உரைபெயர்ப்பாளரைப் பெறலாம். பத்து வயதுப் பிள்ளையைப் பாடசாலையால் மறித்து மொழிபெயர்ப்பிக்க வேண்டியதில்லை.

இழந்த ஊரை நாம் மீட்பது எந்நாளோ அறியோம். கற்ற தொழிலை மீட்பதற்கு வழி உண்டு; கேட்கவேண்டியவரைக் கேட்காது ஆண்டுகளை இழத்தல் ஆகாது.