சத்தம் போடாத டேப்பட்டை நம்பாதீர்கள்

பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்களிடம் வண்டியைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "எஞ்சின் ஓடுறதே தெரியாது சார், அவ்வளவு சைலண்ட்!" டேப்பட் லேசாக 'டிக் டிக்' என்று அடித்துவிட்டால் போச்சு, மறுநாளே ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்பார்கள். மெக்கானிக் கவரைக் கழற்றி எல்லா ஸ்க்ரூவையும் கொஞ்சம் இறுக்கிவிடுவார். சத்தம் நின்றுவிடும். ஓனருக்குச் சந்தோஷம், மெக்கானிக்குக் கூலி. எஞ்சினுக்கு மட்டும் அன்றைக்குச் சனி பிடிக்கும்!

என்னைக் கேட்டால், இந்த வகை எஞ்சினைச் சீக்கிரம் சாகடிப்பது சத்தம் இல்லை. சத்தமே கூடாது என்கிற நம் பிடிவாதம்தான்.

கொஞ்சம் அடிப்படை. அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், இங்கிலாந்தின் பிஎம்சி நிறுவனம் வடிவமைத்த பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. கேம் ஷாஃப்ட் கீழே பிளாக்கில் இருக்கிறது. அது புஷ்ராடை மேலே தள்ள, புஷ்ராட் ராக்கரைத் தள்ள, ராக்கர் வால்வை அமுக்கித் திறக்கிறது. வால்வு மூடியிருக்கும்போது ராக்கருக்கும் வால்வுத் தண்டின் நுனிக்கும் நடுவில் சின்ன இடைவெளி இருக்க வேண்டும். இந்தக் குடும்பத்துக்கு வழக்கமான அளவு 0.015 இஞ்ச், அதாவது பட்டறை பாஷையில் 15 தௌ. சுமார் 0.38 மில்லிமீட்டர். இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பட் இதில் கிடையாது. ஆகவே நல்ல நிலையில் இருந்தாலும் லேசான 'டிக் டிக்' வரத்தான் செய்யும்.

ஏன் இந்த இடைவெளி? சூடேறினால் இரும்பு நீளும். இடம் விடாவிட்டால் வால்வு சீட்டில் முழுதாக உட்காராது. எக்ஸாஸ்ட் வால்வுக்கோ சீட்டில் உட்காரும் நேரம்தான் மூச்சு விடும் நேரம். அதன் சூட்டில் பெரும்பகுதி சீட் வழியாகத்தான் ஹெட்டுக்கும், அங்கிருந்து தண்ணீருக்கும் போகிறது. 3000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது. ஒவ்வொரு தடவையும் சரியாக உட்காராமல் போனால், நெருப்பு அந்தச் சந்து வழியே கசிந்து வால்வின் விளிம்பை அரித்துவிடும். கம்ப்ரஷன் போகும், ஐடிலில் மிஸ்ஸிங் வரும், பிக்கப் விழும். நமக்குத் தெரியவரும்போது ஹெட்டைக் கழற்றுவதைத் தவிர வேறு வழி இருக்காது.

இடைவெளி கூடினாலும் கெடுதல்தான், மறுக்கவில்லை. வால்வு தாமதமாகவும் குறைவாகவும் திறக்கும், ராக்கர் நுனி அடிபட்டுத் தேயும். ஆனால் அது கத்திச் சொல்லிவிடுகிறது. குறைந்தால் சொல்லாது. இரண்டில் எது ஆபத்து என்று நீங்களே சொல்லுங்கள்!

இன்னொன்று. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டோடு நின்றது. காற்றுக்கும் குழந்தைகளுக்கும் மிக நல்ல காரியம். ஆனால் அந்த ஈயப் படிவுதான் பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் சீட்டுக்கு மெத்தையாக இருந்தது. கடினமான சீட் ரிங் பொருத்தாத ஹெட்டில் எக்ஸாஸ்ட் சீட் தேய்ந்து வால்வு உள்ளே இறங்குகிறது. வால்வு இறங்கினால் தண்டின் நுனி ராக்கரை நோக்கி ஏறும். அதாவது யாரும் கை வைக்காமலே இடைவெளி குறைகிறது. "வண்டி போகப் போக சைலண்ட் ஆயிடுச்சு" என்று மகிழ்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

"முப்பது வருஷ அனுபவம் தம்பி, காதாலயே செட் பண்ணிடுவேன்" என்பார்கள். அந்த அனுபவத்துக்குக் கும்பிடு. ஆனால் காது கேட்பது கூடிய இடைவெளியை மட்டும்தான். 15 தௌவும் 8 தௌவும் காதுக்கு எப்படித் தெரியும்? பின்னதுதான் கொஞ்சம் 'நன்றாக' இருக்கும்! காது ஜெயிக்கிற இடம் ஒன்று உண்டு. ராக்கர் நுனியில் குழி விழுந்திருந்தால் ஃபீலர் கேஜ் குழிக்கு மேலே பாலம் போல நின்று ஏமாற்றும். 15 என்று காட்டும், உண்மையில் அதற்கு மேல் இருக்கும். அதற்கு வழி ராக்கரைச் சீர்செய்வதோ மாற்றுவதோதான். சத்தம் அடங்கும்வரை இறுக்குவது வைத்தியம் அல்ல.

இத்தனைக்கும் இது ராக்கெட் வேலையா? எட்டு வால்வு, ஒன்பது கணக்கு. 1-ஆம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது 8-ஐப் பாருங்கள். 2 திறந்தால் 7, 3 திறந்தால் 6. இரண்டையும் கூட்டினால் எப்போதும் 9. லாக் நட்டைத் தளர்த்தி, கேஜ் லேசாகப் பிடித்து நகரும்படி ஸ்க்ரூவைத் திருப்பி, ஸ்க்ரூ அசையாமல் நட்டை இறுக்கி, மறுபடி அளக்க வேண்டும். இறுக்கும்போது அளவு மாறும் என்பதால் கடைசி அளவு முக்கியம். சூடாக அளப்பதா, ஆறவிட்டு அளப்பதா என்பதற்கு உங்கள் எஞ்சினின் கையேடு சொல்வதுதான் வேதம்.

ஃபீலர் கேஜின் விலை, ஒரு ஹெட் வேலைக்கு முன் வெறும் சில்லறை. அடுத்த முறை ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் "சத்தம் போகணும்" என்று சொல்லாதீர்கள். "அளவு என்ன வருதுன்னு காட்டுங்கண்ணே" என்று கேளுங்கள். பாதி மெக்கானிக்குகள் தப்பாக இறுக்குவது தெரியாமல் இல்லை. நாம் அதைத்தான் கேட்கிறோம் என்பதால்தான்.