அமைச்சரவையில் நம்மவர் எத்தனை பேர்?

அமைச்சரவைப் பட்டியல் வெளியாகும் ஒவ்வொரு முறையும் நம்மிடையே எழும் முதற்கேள்வி, "நம்மவர் எத்தனை பேர்?" என்பதே. அக்கேள்வியில் தவறில்லை. அதனோடு நின்றுவிடுவதே தவறு என்பது என் கருத்து.

அமைச்சரவை ஆட்சிமுறையை நாம் பிரிட்டனிடமிருந்து பெற்றோம். மன்னரின் ஆலோசகர் குழுவாகத் தொடங்கிய அது, காலப்போக்கில் நாடாளுமன்றத்திற்குப் பதில் சொல்லும் அவையாக வளர்ந்தது. நம் ஜொகூரில் 1895-இல் சுல்தான் அபூபாக்கார் வழங்கிய அரசமைப்பிலும் அமைச்சர் மன்றம் உண்டு. அது சுல்தானுக்கு ஆலோசனை கூறியது. இன்றைய கூட்டரசு அமைச்சரவையோ, அரசமைப்பின் 43-ஆவது பிரிவின்படி, நாடாளுமன்றத்திற்குக் கூட்டாகப் பொறுப்பேற்கிறது.

‘கூட்டாக’ என்ற சொல்லே இம்முறையின் உயிர்நாடி. அறைக்குள் வாதிடலாம், முடிவெடுத்தபின் அனைவருக்கும் ஒரே குரல். ஏற்க இயலாதவர் விலக வேண்டும் என்பதே மரபு. 2003-இல் ஈராக் போரை ஏற்காத ராபின் குக், பிரிட்டன் அமைச்சரவையிலிருந்து விலகினார். 2008-இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நடந்த கைதுகளை எதிர்த்து, நம் நாட்டில் ஜைட் இப்ராகிம் விலகினார்.

1955-இல் வீ.தி.சம்பந்தன் தொழிலாளர் அமைச்சரானார். அவருக்குப் பின்னும் நம்மவர் சிலர் அவ்வறையில் அமர்ந்தனர். அங்கு அவர்கள் நமக்காகப் பேசினார்களா? அமைச்சரவை ஆவணங்கள் 1972-ஆம் ஆண்டு அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. ஆகவே ஒருவரை ‘வாய்மூடி’ என்று ஏசுவதற்கும், ‘சிங்கம்’ என்று மாலையிடுவதற்கும் நம்மிடம் சான்றில்லை.

சான்று கிடைக்குமிடம் நாடாளுமன்றம். ஒரு தமிழ்ப்பள்ளியின் கட்டடம் தாமதமானால், அதற்குப் பதில் சொல்லும் கடமை ஓர் இந்திய அமைச்சருக்கு மட்டும் உரியதன்று. கல்வி அமைச்சருக்கும், அவர்வழி அமைச்சரவை முழுமைக்கும் உரியது. மக்களவையில் கேட்கப்படும் கேள்வியும் அதற்கான பதிலும் பதிவாகின்றன. அப்பதிவை எவரும் படிக்கலாம். அடுத்த ஆண்டு எடுத்துக்காட்டி மீண்டும் கேட்கலாம்.

ஜொகூரில் 26 நாடாளுமன்றத் தொகுதிகள் உள்ளன. நம் பள்ளி அமைந்த தொகுதியின் உறுப்பினர் எந்த இனத்தவராயினும் அவர் நம் பிரதிநிதியே. பெற்றோரும் பள்ளி வாரியத்தினரும் அவருக்குக் கடிதம் எழுதி, "எங்கள் பள்ளியைப் பற்றி மக்களவையில் கேளுங்கள்" என வேண்டலாமே!

நாற்காலிகளை எண்ணியது போதும். இனிக் கேள்விகளை எண்ணுவோம்.