துடுப்பு யார் கையில்?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. கணித மாணவி

‘படக்கதை படிக்கிற பிள்ளை உருப்படாது’ என்பது நம் இல்லங்களில் இன்றும் செல்லுபடியாகும் பழைய நாணயம். சாகசக் கதைத் தலைவன் வேலைவெட்டியின்றி ஊர் சுற்றுகிறான். அவனைப் பார்த்துப் பிள்ளைகளும் கெடுகிறார்கள் என்பது பெரியோர் கட்சி. சுதந்திரம் என்ற சொல்லை மேடைகளில் கேட்டுக் கேட்டுச் சலித்த எனக்கு, அதன் பொருளை விளங்க வைத்தவர்கள் அந்த ஊர்சுற்றிகளே என்பது என் கட்சி.

தமிழின் தலைசிறந்த ஊர்சுற்றியைப் படைத்தவர் நம் திருச்சியில் படித்தவர் என்பதை முதலில் நினைவூட்டிவிடுகிறேன். ரா. கிருஷ்ணமூர்த்தி என்ற மாணவர் 1921இல் காந்தியடிகளின் ஒத்துழையாமை அழைப்பைக் கேட்டு, பள்ளி இறுதித் தேர்வு எழுதாமலே வெளியேறினார். மறு ஆண்டு சிறை சென்றார். அவரே பின்னாளில் ‘கல்கி’. நாடு விடுதலை பெற்றபின், 1950 முதல் 1954 வரை அவர் எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ மணியத்தின் ஓவியங்களோடு வாரந்தோறும் வந்தது. ஆகவே அதனைப் படக்கதையின் ஒன்றுவிட்ட அண்ணன் என்று நான் உறவு கொண்டாடினால் தமிழ்த்துறைப் பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க!

அதில் வந்தியத்தேவன் ஆடிப் பதினெட்டாம் நாள் வீரநாராயண ஏரிக் கரையில் குதிரை ஏறி வருகிறான். (அந்நாளில் நம் ஸ்ரீரங்கம் அம்மாமண்டபத்தில் கால் வைக்க இடம் கிடைக்காதது போலவே அங்கும் திருவிழாக் கூட்டம்.) முன்னோர் ஆண்ட நாடு அவன் கையில் இல்லை. உள்ளவை ஒரு குதிரை, ஒரு வாள், பிறர் கொடுத்தனுப்பிய ஓலை. அவனினும் பெரியவன் அருள்மொழிவர்மன். ஆனால் அரியணையைச் சுற்றிய சூழ்ச்சிகள் அவனை ஒரு நாளும் தன் போக்கில் விடுவதில்லை. இறுதியில் மகுடத்தை உத்தம சோழன் தலையில் சூட்டும்போதுதான் அவனுக்கு மூச்சு வருகிறது. தூதன் சுதந்திரன், இளவரசன் கைதி! என்ன வேடிக்கை பாருங்கள்.

1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவியை மூத்தோர் பலர் இந்த வரிசையில் சேர்க்கச் சொல்வார்கள். உடலையே மறைத்துக்கொள்ளும் ஆற்றல் இருந்தும் மேலிடத்து ஆணைக்குக் காத்திருப்பவர் அவர். எனக்கு மனம் ஒப்பவில்லை.

இன்று என் வகுப்புத் தோழியர் கைப்பேசியில் காணும் லூஃபிதான் வந்தியத்தேவனுக்கு நேர் தம்பி. ஜப்பானில் எய்ச்சிரோ ஓடா 1997 முதல் வரைந்துவரும் ‘ஒன் பீஸ்’ மாங்காவின் தலைவன். (மாங்கா என்பது ஜப்பானியர் தம் படக்கதைக்கு இட்ட பெயர், எங்கள் வீட்டில் உப்பும் மிளகாய்த்தூளும் எங்கே என்று கேட்டார்கள்.) கடற்கொள்ளையர் அரசனாவேன் என்று கிளம்புகிறான். ஆள்வதற்கா? இல்லை. கடலில் எல்லோரினும் சுதந்திரமாய் இருப்பவனே அவ்வரசன் என்பது அவன் அகராதி. கொள்ளையன் எங்ஙனம் இலட்சிய வீரனாவான் என்று கேட்பது நியாயமே. மனிதரை அடிமை கொள்ளும் பிரபுக்களுக்குக் காவல் நிற்பது அக்கதையில் உலக அரசின் சட்டம். 1922இல் கிருஷ்ணமூர்த்தியைச் சிறையிட்டதும் சட்டம்தானே?

2025 ஆகஸ்டில் இந்தோனேசியாவில் சுதந்திர நாளை ஒட்டிப் பலர் லூஃபியின் தொப்பியணிந்த மண்டையோட்டுக் கொடியை ஏற்றினர். செப்டம்பரில் நேபாள இளைஞர் போராட்டத்திலும் அது பறந்தது. அங்கே உயிர்கள் பலியானதையும் கட்டடங்கள் எரிந்ததையும் மறந்து கைதட்ட என்னால் இயலாது. ஆனால் ஒரு பொம்மைக் கதையின் கொடியைக் கண்டு ஆள்வோர் ஏன் முகம் சுளிக்கவேண்டும் என்று யோசித்ததுண்டு.

என்னைப் பிடித்து நிறுத்தியவள் அக்கதையின் நாமி. ஆர்லாங் என்ற கொள்ளையன் அவள் கிராமத்தைப் பிடித்து, வளர்ப்புத் தாயைச் சுட்டுக் கொன்று, கடல் வரைபடம் வரையும் திறமைக்காக அச்சிறுமியைக் கொண்டுபோகிறான். 10 கோடி கொடுத்தால் ஊரை விடுவேன் என்கிறான். 8 ஆண்டுகள் திருடித் திருடிச் சேர்க்கிறாள். தொகை நிறையும் தறுவாயில் கடற்படை அதிகாரி ஒருவனை ஏவி அதைப் பறிக்கச் செய்கிறான். வாரத் தவணைக் கடனுள்ள வீட்டில் பிறந்தவர்களுக்கு இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை. லூஃபி சொற்பொழிவு ஆற்றவில்லை. தன் வைக்கோல் தொப்பியை அவள் தலையில் வைத்துவிட்டு நடக்கிறான். ஆர்லாங்கை அடித்ததோடு நில்லாமல், அவள் அடைபட்டு வரைந்த அறையையே தகர்க்கிறான். அதன்பின் நாமி என்ன செய்கிறாள்? மறுபடியும் வரைபடம்தான்! உலகம் முழுவதையும் வரைவது அவளது சிறு வயதுக் கனவு. அதே கை, அதே பேனா. அன்று விலங்கு, இன்று சிறகு.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மா மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலைக் களத்தில் நெல் காயவைக்கிறார். கணக்கு எனக்கு எவரும் சுமத்திய வேலை அன்று. இரவு 11 மணிக்கு ஒரு தேற்றம் பிடிபட்டால் மகிழ்ச்சியில் உறக்கம் வராது. அதே கணக்கை, ‘டிகிரி இருந்தால் நல்ல இடம் அமையும், படி’ என்று மாமா சொல்லும்போது புத்தகம் கனக்கிறது. எம்.எஸ்ஸி. சேரவேண்டும் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். மாமா இன்னும் வாய் திறக்கவில்லை. அம்மா, ‘பார்க்கலாம்’ என்றிருக்கிறார்.

வீட்டை விட்டு ஓடச் சொல்கிறாயா என்பார்கள். அதுதான் இல்லை. லூஃபிக்கு நீந்தவே தெரியாது. நாமி வழி சொல்லாவிட்டால் கப்பல் நகராது. வந்தியத்தேவன் கோடிக்கரையிலிருந்து இலங்கைக்குத் தானாகப் போனானா? படகு செலுத்தியவள் பூங்குழலி. புயலில் அவனையும் இளவரசனையும் மீட்டதும் அவள் படகே. தனியே கடலில் துடுப்புப் போடும் அவளன்றோ அக்கதையில் மெய்யான சுதந்திரி! ஆனால் நாம் பேசுவதெல்லாம் வந்தியத்தேவனைப் பற்றித்தான். அவன் கால் போன போக்கில் திரிந்தால் வீரன். நம்மில் ஒருத்தி மாலை 7 மணிக்குச் சத்திரம் பேருந்து நிலையத்தில் நின்றால் நாலு பேர் விசாரிக்கிறார்கள்.

நம் நூலகத்தில் ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் எப்போதும் எவர் கையிலாவது இருக்கிறது. பூங்குழலி கடலில் படகு விடும் இரண்டாம் பாகம் அலமாரியில் தூசி படிந்து கிடக்கிறது. தோழியரே, அடுத்த முறை அதை எடுங்கள்.