பெட்டி பல, பிடி ஒன்று

உப்பளத் தொழிலாளியின் மகன் ஒருவன் வேம்பாரில் என்னிடம் கேட்டான்: "அண்ணாச்சி, கம்ப்யூட்டருக்குக் கிராபிக்ஸ் கார்டு வாங்கணும். எந்தக் கம்பெனி நல்லது?"

தோழர்களே! கடையில் ஆசுஸ், எம்.எஸ்.ஐ., ஜிகாபைட் என்று பெட்டிகள் பல. உள்ளே இருக்கும் சில்லோ என்விடியா, ஏ.எம்.டி., இன்டெல் ஆகிய மூவருடையதுதான். மூவரின் இன்றைய கார்டுகளுக்கும் சில்லு வார்ப்பது தைவானின் டி.எஸ்.எம்.சி. என்ற ஒரே கம்பெனி! முன்பு போட்டியாளர் பலர் இருந்தனர். 3டிஎப்எக்ஸின் சொத்துக்களை 2000-ல் என்விடியா விலைபேசியது. 2006-ல் ஏ.டி.ஐ.யை ஏ.எம்.டி. விழுங்கியது.

தூத்துக்குடிச் சீமைக்கு இது புதுக்கதையா? 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டார். வெள்ளைக் கம்பெனி கட்டணத்தை வெட்டிச் சாய்த்தது. 1908-ல் சர்க்கார் அவரைச் சிறையில் தள்ளியது. 1911-ல் சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டது. மலிவுக் கட்டணம் பயணிக்குப் போட்ட தூண்டில்!

போட்டி தானாக நிலைக்காது, காவல் வேண்டும். ஆர்ம் கம்பெனியையும் வாங்கப் போன என்விடியா, பல நாட்டுக் கண்காணிப்பு அமைப்புகள் எதிர்த்ததால் 2022-ல் பின்வாங்கியது.

பையனுக்குச் சொன்னேன்: "தம்பி, பெயருக்குக் காசு கொடுக்காதே. வேலை, விலை, வாரண்டி மூன்றையும் பார். படிப்புக்கு மட்டும் என்றால், பெரும்பாலும் பிராசஸரோடு வரும் கிராபிக்ஸே போதும். அப்பாவின் கூலி உப்பில் விளைந்தது!"