திரும்பிப் போகும் நாள்வரை வாழ்வைத் தள்ளிப் போடலாமா?

"காணி கிடைக்கட்டும், கோயிலைக் கட்டுவோம், அதற்குப் பிறகுதான் வாழ்க்கை." இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்கள் நடுவே இந்தப் பேச்சு அடிக்கடி கேட்கிறது. மாரி மழை விழுந்து பெரும்போக விதைப்புத் தொடங்கும் நாளில், பிறர் வட்டையில் நாட்கூலிக்கு வரம்பு கட்டுகிறவனின் மனநோவு அதில் இருக்கிறது. காணியைக் கேட்கத்தான் வேண்டும். உறுதியோ அனுமதிப்பத்திரமோ, கையில் இருப்பதைக் காட்டிக் கேட்க வேண்டும். "பொறுத்திருங்கள், மோட்சத்தில் கிடைக்கும்" என்று அந்தக் குரலை அடக்க எந்தக் குருவானவருக்கும் உரிமையில்லை. ஆனால், அதுவரைக்கும் வாழ்வே இல்லை என்ற மறுபாதியை என்னால் ஏற்க முடியவில்லை.

நம் நாட்டில் கத்தோலிக்க விசுவாசம் கோயில் இல்லாத காலத்தையும் கடந்து வந்தது. ஒல்லாந்தர் குருக்களைத் தடை செய்திருந்த வேளையில், 1687இல் யோசேப் வாஸ் அடிகளார் கோவாவிலிருந்து ஏழைக் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தார். இரவில், வீடுகளுக்குள், ஒளித்துத்தான் திருப்பலி. 1692இல் கண்டியில் போர்த்துக்கேய உளவாளி என்று சிறைப்பட்டார். காவலில் இருந்தபடியே ஒரு குடிசை போட்டுப் பீடம் அமைத்தார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, நோயாளரைச் சொந்த வீட்டாரே காட்டில் விட்டுப் போனார்கள். அடிகளாரும் அருட்தந்தை யோசேப் கர்வாலோவும் அவர்களைத் தேடிச் சென்று கழுவி, உணவூட்டி, இறந்தவர்களைப் புதைத்தார்கள். பௌத்தரா கத்தோலிக்கரா என்று பார்க்கவில்லை. 2015 ஜனவரி 14இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக உயர்த்தினார். அவருக்குச் சுரூபம் வைப்பது நல்லதுதான்; அவர் செய்த வேலை சுரூபம் வைப்பதைவிடச் சிரமமானது.

இறுதி இராவுணவை எழுதும் யோவான், அப்பத்தையும் இரசத்தையும் பற்றிய வார்த்தைகளை அங்கே சொல்லவில்லை. ஆண்டவர் சீடரின் பாதங்களைக் கழுவியதைச் சொல்கிறார். வயற்சேறு காலில் ஒட்டியவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. கொரிந்துச் சபையில் வசதியானவர்கள் முன்னரே உண்டு முடிக்க, ஏழைகள் பசியோடு நின்றார்கள். நீங்கள் உண்பது ஆண்டவரின் விருந்தே அல்ல என்று பவுல் கண்டித்தார். நிவாரணப் பட்டியலில் நம்முடைய ஆட்களை முன்னே ஏற்றிவிட்டு ஞாயிறன்று நற்கருணை வாங்கப் போகும்போது இது நம்மைச் சுட வேண்டும். விதவை வீட்டின் பெயர் விடுபட்டதைச் சங்கக் கூட்டத்தில் எழுந்து சொல்வதும், மோதிக்கொண்ட இரு குடும்பங்களை ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ள வைப்பதும் ஒப்புரவு அருட்சாதனத்தின் தொடர்ச்சியே.

திருச்சபைச் சட்டத்தில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. குழந்தை சாகும் தறுவாயில் குருவானவர் இல்லையென்றால், திருச்சபையின் கருத்தோடு எவரும் திருமுழுக்குக் கொடுக்கலாம். அவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. நம் பிள்ளையை ஏந்தும் முஸ்லிம் மருத்துவிச்சி தண்ணீர் ஊற்றி அந்த வார்த்தைகளைச் சொன்னால் அது செல்லும். அயலவரின் கைக்கு இவ்வளவு இடம் கொடுத்த சபையின் பிள்ளைகள் நாம். நம் கை மட்டும் நம் கூரையோடு நிற்பது எப்படி?

அருட்தந்தை இயூஜின் ஹேபர்ட் அமெரிக்காவிலிருந்து வந்த யேசுசபைத் துறவி. மட்டக்களப்பில் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கியவர். தமிழர், முஸ்லிம்கள் என்று இரு தரப்பிலும் இரத்தம் சிந்திய அந்த ஓகஸ்டில், 1990 ஓகஸ்ட் 15இல், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் உடன் வந்த இளைஞனோடு காணாமற் போனார். தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாள் அது. அமைதி வரட்டும், பிறகு போவேன் என்று அவர் இருக்கவில்லை.

நம் பக்கத்து ஊருக்கே வருவோம். 2024 நவம்பர் 26இல் மாவடிப்பள்ளியில் மத்ரசா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றது. பிள்ளைகள் பலர் மாண்டனர். நம் கோயில்களில் அவர்களுக்காக மன்றாடியிருப்போம். அந்த வீடுகளுக்கு ஒரு நடை போனோமா?

வரும் தவக்காலத்தில் நம் பெண்கள் சேர்க்கும் பிடியரிசியில் ஒரு பங்கை நம் பட்டியலில் இல்லாத வீட்டுக்கு என்று ஒதுக்கலாம். எந்த வீடு என்பதைப் பெண்களே தீர்மானிக்கட்டும். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது சங்கத் தலைவரைவிட அவர்களுக்குத்தான் தெரியும்.