சோறும் ஆணமும்

பேட்டையிலிருந்து வரும் மாணவன் ஒருவன், ‘என் வீடு’ என்னும் கட்டுரையில், “நண்பகலில் சோறும் ஆணமும் ஆக்குவார்கள்” என்று எழுதியிருந்தான். யான் ‘ஆணம்’ என்பதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டுக் ‘குழம்பு’ என்று திருத்தினேன்; ஓரத்தில் ‘கொச்சை’ என்றும் குறித்தேன். மறுநாள் அவன் வந்து, “ஐயா, எங்கள் தெருவில் எல்லாரும் அப்படித்தானே சொல்கிறோம், அது தமிழ் இல்லையா?” என்றான். விடை சொல்லுமுன் அகரமுதலியைப் புரட்டினேன். குழம்பு என்னும் பொருளோடு ஆணம் அங்கே இருந்தது. தமிழ் கற்பிக்கச் சம்பளம் வாங்குகிறவன் ஒரு தமிழ்ச்சொல்லைத் தன் கையாலேயே அடித்திருக்கிறேன். அவன் ஏட்டை வாங்கி, என் திருத்தத்தை யானே அடித்துக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். இத்திங்கள் தலையங்கம் அந்த ஏட்டிலிருந்து பிறந்தது.

பேட்டை என்றாலே வணிகர் வந்து கூடும் புறநகர். பலர் கூடுமிடத்தில் ஒரே உணவுக்குப் பல பெயர் வழங்குதல் இயல்பு. ஒரு தெருவில் குழம்பு, மறுதெருவில் ஆணம். இரண்டும் தமிழே, இரண்டும் வாழ்க. நெல்லைத் திருமண வீடுகளில் மறுவீட்டு விருந்துக்கு வைக்கும் சொதி, தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் காய்கறியும் சேர்ந்து இஞ்சித் துவையலோடு இலைக்கு வருவது. யாழ்ப்பாணத்தில் சொதி என்பது இடியாப்பத்திற்கு ஊற்றிக்கொள்ளும் மெல்லிய பாற்குழம்பு. பெயர் ஒன்று, பண்டம் இரண்டு. இவற்றால் தமிழுக்கு வளமேயன்றிக் கேடு யாதுமில்லை.

கேடு வேறிடத்தில் உள்ளது. பேட்டையில் வாழும் தமிழ் இசுலாமியர் வழங்கும் சொற்களை எண்ணிப் பாருங்கள்: சோறு, ஆணம், பசியாறுதல், நோன்பு, நோன்புக் கஞ்சி, பெருநாள், தொழுகை, பள்ளிவாசல். சமயம் அரபு நாட்டிலிருந்து வந்தது. சொல்லைத் தமிழாகவே வைத்துக்கொண்டனர். மாறாக, திருமுறை ஓதும் வீடுகளில் பல, விருந்தினர் வந்தவுடன் சோற்றை மறைத்துச் ‘சாதம்’ பரிமாறுகின்றன. கழனியில் உழைப்பவன் உண்டால் சோறு. பந்தியில் வாழையிலை விரித்தால் சாதம். பானை ஒன்று, உலை ஒன்று, அரிசி ஒன்று. உண்பவன் நிலையைப் பார்த்துப் பெயர் மாறுகிறது. இது சொல்லின் மாற்றம் அன்று; உழைப்பவனைத் தாழ்த்தும் மனத்தின் வெளிப்பாடு.

சோறு தாழ்ந்த சொல்லா? பெருஞ்சோற்று உதியஞ்சேரலாதன் என்று சேர வேந்தனுக்கே அடைமொழியாய் நின்ற சொல் அது. திருவையாற்றுக்கு அருகில், தேவார மூவரும் பாடிய ஊரின் பெயர் திருச்சோற்றுத்துறை. இறைவன் உறையும் ஊருக்குப் பொருந்திய சொல் நம் இலைக்குப் பொருந்தாதாம்! செங்கோட்டைக் கணவாயைத் தாண்டினால் மலையாளத்தார் எவ்வகை வேறுபாடுமின்றிச் சோறு என்கின்றனர். கடல் கடந்தால் ஈழத்தாரும் சோறு என்றே சொல்கின்றனர். நம்மூரிலேயே கூட்டாஞ்சோறும் உளுந்தஞ்சோறும் தப்பிப் பிழைத்திருக்கின்றன. கூட்டாஞ்சாதம் என்று சொல்லிப் பாருங்கள். அடுக்களையில் இருக்கும் ஆச்சி சிரித்துவிடுவார்.

இனி வந்தேறிய பண்டங்களின் பெயர்களுக்கு வருவோம். நெல்லை என்றதும் வெளியூரார் கேட்பது அல்வா. கோதுமைப் பாலும் சருக்கரையும் நெய்யும் கூட்டிக் கிண்டும் இப்பண்டத்தின் பெயர், இனிப்பு என்னும் பொருளுடைய அரபுச் சொல். இதனைத் தீங்களி என்று மாற்றுவோம் என அன்பர் சிலர் சொல்வதுண்டு. அது வேண்டா என்பது என் கருத்து. அல்வா எந்தத் தமிழ்ச்சொல்லையும் தள்ளிவிட்டு வந்து அமரவில்லை. பண்டத்தோடு வந்த பெயர் அது. ஆனால் ‘ஹல்வா’ என்று எழுதுவதை ஒப்ப இயலாது. வடசொல்லையும் வடவெழுத்து நீக்கித் தமிழெழுத்தால் எழுதுக என்று தொல்காப்பியர் வகுத்த நெறி அரபுச் சொல்லுக்கும் பொருந்தும். கல்வியிலும் செல்வத்திலும் லகரமும் வகரமும் சேர்ந்து நிற்பது போலவே அல்வாவிலும் நிற்கின்றன. பிறகு ஹகரம் எதற்கு? மலையாளத்தார் அலுவ என்கின்றனர். இலங்கையில் அலுவா என்பது அரிசிமாவில் செய்யும் வேறொரு தின்பண்டம். அவரவர் நாவுக்கு ஏற்ப அச்சொல் அடங்கியிருக்கிறது. (பரோட்டா, புரோட்டா, பொரோட்டா என்று கடைக்குக் கடை பலகை மாறுவது வேறு வேடிக்கை. எல்லாம் தமிழெழுத்தே, ஏதேனும் ஒன்றில் நிலைத்தால் போதும்.)

ஆங்கிலேயன் நம்மிடம் கற்ற பாடத்தையும் காண்க. கறி, கஞ்சி, மாங்காய், மிளகுதண்ணீர் ஆகியவற்றின் பெயர்களை, சிலவற்றை நேரேயும் சிலவற்றைப் போர்ச்சுக்கீசியர் வழியாகவும், அவன் எடுத்துக்கொண்டான். மிளகை எழுதுவதற்கென்று ளகரம் ஒன்றைத் தன் நெடுங்கணக்கில் சேர்த்தானா? இல்லை. தன் எழுத்தில், தன் வாய்க்கு வந்தபடி எழுதினான். அவனைப் பழமைவெறியன் என்று எவரும் ஏசவில்லை. நாம் அதையே செய்தால் மட்டும் குறுகிய மனத்தர் ஆகிவிடுகிறோம்.

இப்போது சாதத்திற்கும் இறுதி நாள் வந்துவிட்டது. உணவுக்கடைப் பலகைகளில் லெமன் ரைஸ், கர்டு ரைஸ், ஒயிட் ரைஸ். நெல்லுக்கு வேலியிட்ட ஊர் என்று பெயர் பெற்ற திருநெல்வேலியிலுமா இந்நிலை? வயலில் நிற்பது நெல், உமி நீங்கினால் அரிசி, வெந்தால் சோறு. மலாய் மொழியும் இம்மூன்றையும் படி, பெராசு, நாசி என்று பிரித்தே வழங்குகிறது. ஆங்கிலத்தில் பொதுவாய் எல்லாவற்றுக்கும் ஒரே சொல். மூன்று சொல் உடையவன் ஒரு சொல் உடையவனிடம் கடன் கேட்டு நிற்கிறான். அதிலும் ரைஸ் என்பது கிரேக்கத்தின் ஒரைசாவின் வழிவந்தது; அந்த ஒரைசாவே நம் அரிசியிலிருந்து போயிற்று என்று, நம் மாவட்டத்து இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் கருதினார். வேறு வழி காட்டும் அறிஞரும் உளர். எதுவாயினும், வேகாத அரிசியையா இலையில் வைக்கிறோம்?

1916-இல் அடிகளார் தொடங்கிய தனித்தமிழ் முயற்சிக்கு, 1920-இல் நூற்பதிப்புக் கழகம் கண்டு துணைநின்ற ஊர் நெல்லை. நூலில் வென்றதை அடுக்களையில் இழந்துகொண்டிருக்கிறோம். எனவே அன்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். வரும் திருமண விருந்தில் பரிமாறுவோரிடம் ‘சோறு’ என்று கேட்டு வாங்குங்கள். உங்கள் ஊரில், உங்கள் தெருவில், பாட்டிமார் வாயில் வழங்கும் உணவுப் பெயர்களைப் பண்டத்தின் செய்முறையோடு ஓர் அஞ்சலட்டையில் எழுதி விடுங்கள். எந்தக் குலம், எந்தச் சமயம் என்று பாராமல் தொகுத்து வெளியிடுவோம். தொகுப்பின் முதற் சொல்லாக ஆணத்தை ஏற்கெனவே எழுதிவிட்டேன்.